ஐம்பது டிகிரியில் ஒரு வாரம்

சிபா, 2 ஜூன் 1986

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மிகாவும் நலம். குஷிரோவில் ஜூனிலும் ஹீட்டர் போடுகிறீர்களாமே, இங்கே வியர்த்துக் கொட்டுகிறது. தினமும் உங்கள் கிண்ணத்திலும் சோறு வைக்கிறேன். "அப்பாதான் ஊர்லயே இல்லையே, யாரும்மா சாப்பிடுவா?" என்று கேட்டுவிட்டு, மிகாவே அதைக் காலி செய்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கம்பெனியின் புதுக் கலவைப் பெராக்சைடு என் சோதனை அறைக்கே வந்திருக்கிறது. ஐம்பது டிகிரியில் ஒரு வாரம் தானாகச் சூடேறாமல் சும்மா கிடந்தால் அதற்குக் குளிர்க் கிடங்கே வேண்டாம். நீங்கள் பார்த்துக்கொள்ளும் குஷிரோ கிடங்கை மூடிவிட்டு இங்கேயே சாதாரணக் கிடங்கு கட்டுவார்கள், நீங்களும் வந்துவிடலாம். துளித்துளியாக எடுத்துச் சூடாக்கி, சிதையும் வேகத்தை அளந்து கணக்குப் போட்டேன். தாங்கும் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் முழு ஃபிளாஸ்க்கைச் சூட்டுப்பெட்டியில் வைத்துப் பார்த்தால்தான் நிச்சயம்.

ஏக்கத்துடன்,
தோமோயோ

குஷிரோ, 9 ஜூன்

தோமோயோ,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்று வருஷமாக இந்த மூடுபனியோடு குடித்தனம் நடத்துகிறேன். சந்தோஷத்தில் கிடங்கு ஆட்களிடம் உளறிவிட்டேன். "அண்ணி கையிலயா உங்க தலையெழுத்து? இப்பவே கால்ல விழுந்துருங்கண்ணே!" என்று ஓட்டுகிறார்கள்.

ஒரு வாரம் எதற்கு? ஐந்து நாளோடு சூட்டுப்பெட்டியை அணைத்துவிடேன். சும்மா சொன்னேன். சும்மாதான் சொன்னேன் என்று நீ நம்புவாயா?

உன் கோஹெய்

சிபா, 27 ஜூன்

அன்புக்குரியவருக்கு,

ஐந்து நாள் அமைதியாகக் கிடந்தது. ஆறாம் நாள் மதியம், பெட்டி ஐம்பதிலேயே நிற்க, ஃபிளாஸ்க் மட்டும் தன் சூட்டிலேயே ஏற ஆரம்பித்தது. தாண்டக் கூடாத ஐம்பத்தாறையும் தாண்டிவிட்டது. எங்கள் பிரிவுத் தலைவர் ஓனுகிக்கு நம் கதை தெரியும். "தோமோயோ சான், மூடி சரியா இருந்துச்சா? இன்னொரு வாட்டி வேணும்னா பாருங்களேன்" என்றார். பார்த்தேன். இந்தத் தடவையும் அதே கதைதான்.

தாங்காது என்ற முடிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதேன். ஐந்து நாளோடு அணைத்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். வந்து, ஆகஸ்ட் வெயிலில், எப்போது வெடிக்குமோ என்றிருக்கும் அந்தப் பீப்பாய்களுக்கு நடுவில் நின்றிருப்பீர்கள். திட்டுவதானால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தோமோயோ

குஷிரோ, 20 ஜூலை

தோமோயோ,

கோபம்தான், மறைக்கவில்லை. நீ செய்ததில் தப்பில்லை என்று தெரிந்தும் கோபம். இங்கே கிடங்கைப் பெரிதாக்குகிறார்கள். என்னை இன்னும் ஐந்து வருஷம் இருக்கச் சொன்னார்கள், தலையாட்டிவிட்டேன். இரண்டு அறை வீடு தருகிறார்கள். நீ வேலையை விட்டுவிட்டு மிகாவோடு வந்துவிடு. இந்த ஊரில் சோதனை அறை கிடையாது. தெரிந்தேதான் கேட்கிறேன். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போய்விட்டது.

கோஹெய்

சிபா, 3 ஆகஸ்ட்

அன்புக்குரியவருக்கு,

வருகிறேன் என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அறைக்கு இன்னும் நான்கு கலவைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கிடங்குக்குப் போகும். அங்கே யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர் நிற்பார். அவளுக்கு என்னைத் தெரியாது.

உங்களோடு இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது. ஆனாலும் என்னால் வர முடியவில்லை. ஓபோன் பண்டிகை விடுமுறைக்கு நீங்கள் வாருங்கள். மன்னித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. கோபத்தோடேயே வாருங்கள்.

உங்கள்
தோமோயோ