நான் பொய்யாகக் கத்திய ஞாயிற்றுக்கிழமை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில், மேலவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், என் பேத்தி சங்கீதா ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போட்டாள். போட்ட கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. பெட்டிக்குள் படிந்த தூசி சூடேறி வரும் வாசனை. மூன்று வருடமாக அது என் மூக்கில் படவில்லை. உன் மெஷின்கள் ஆறும் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து வண்டியேறிப் போன நாளோடு அது போயிற்று என்றுதான் இருந்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னா ஆயா, தூசு ஒத்துக்கலியா?" என்று சங்கீதா கேட்டாள்.

ஆமாம் என்றேன். அது அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய். இரண்டாவது பொய்யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

கடல் ஊருக்குள் வந்த அடுத்த வருடம் நீ கடலூர் முதுநகருக்கு வந்தாய். முன்னறையில் அதுவரை குடியிருந்தவர்கள் அலைக்குப் பயந்து விருத்தாசலம் பக்கம் போய்விட்டார்கள். காலியாக இருட்டிக் கிடந்த அறையைத் தாண்டிப் போகவே எனக்கு நடுக்கமாக இருக்கும். கம்மாபுரத்துக்காரன், முப்பது வயது, ஒல்லியாக ஒரு ஆள் வந்து, "ப்ரவுசிங் சென்டர் வெக்கணும்மா" என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறையில் விளக்கு எரிந்தால் போதும் என்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

விளக்கு எரிந்தது, சத்தமும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடுகிறார்கள், யாரோ வெட்டுப்படுகிறார்கள், யாரோ மூச்சிரைக்கிறார்கள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த சங்கீதா பள்ளிக்கூடம் விட்டு உள்ளே போனால் வெளியே வருவதில்லை. அவள் அப்பா, என் மகன், நெய்வேலியில் வேலையில் இருந்துகொண்டு, படிப்பதற்காக அவளை என்னிடம் விட்டிருந்தான். அவனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று பயந்து, ஒருநாள் அவள் காதைப் பிடித்து இழுத்து வரத்தான் உள்ளே வந்தேன்.

நீ நாற்காலியை இழுத்துப் போட்டாய். "ரெண்டே நிமிஷம் உக்காருங்க ஆயா. திட்டுறத அப்புறம் திட்டுங்க. இது இன்னும் வெளியவே வரல. ஒரே ஆளு உக்காந்து நாலு வருஷமா செய்யுறாரு. மாதிரிக்குக் கொஞ்சூண்டு குடுத்திருக்காரு."

அந்த ஆட்டத்தில் ஒரு கிணறு. நான் தூர்வாரப் போகிற ஆள். கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். இறங்க இறங்க மேலே தெரிந்த வானம் தட்டளவாக, பொட்டளவாகச் சுருங்கியது. பேய் இல்லை, பிசாசு இல்லை. பாதி தூரத்தில் நான் பிடித்திருந்த கயிறு தானாக ஒரு முழம் மேலே ஏறியது. மேலே யாரோ இழுக்கிறார்கள். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். மௌஸ் கீழே விழுந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

நீ சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ஏதோ எழுதினாய். ஆட்டத்தைச் செய்கிற அந்த மனுஷனுக்கு உடனே கடிதம் போட்டாய்: இந்தியாவில் கடலூர் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கார அம்மா கயிறு ஏறிய இடத்தில் கத்தினார், நாங்கள் காத்திருக்கிறோம். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. கயிற்றை அரை முழமாகக் குறைக்கலாமா என்று யோசித்தாராம், இனி குறைக்க மாட்டாராம், அந்த அம்மாவுக்கு வணக்கம் என்று எழுதியிருந்தார். ஐந்தாவதோடு நின்றவள் நான். எந்தத் தேசத்திலோ இருக்கிற ஒருவர் என் கூச்சலை மதித்து எழுதியதை நீ தமிழில் சொல்லச் சொல்ல, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மைதான். மறைப்பானேன்?

அதோடு அது உன் கடை வழக்கமாகிவிட்டது. மாதிரி ஆட்டம் எது வந்தாலும் முதல் ஆட்டம் ஆயாவுக்கு. சுவரில் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டி 'வரப்போறது' என்று எழுதினாய். எனக்காகவே தமிழில், கொட்டை எழுத்தில். பனி கொட்டும் ஊரில் ஒரு டெலிபோன் ஆபீசு, இல்லாத வீட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும் ஆட்டம். அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்கிற, டிரைவர் இல்லாத ரயில் ஆட்டம். எல்லாம் ஓரிருவர் வீட்டில் உட்கார்ந்து செய்வது. ஒரு மாதிரி ஆட்டம் இன்டர்நெட்டிலிருந்து மெஷினுக்கு இறங்கவே ஒன்றரை நாள் ஆகும். நான் அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்ப்பேன், நீலக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்துகொண்டிருக்கும். பெரிய கம்பெனி ஆட்டங்கள் அந்தத் தாளில் ஏறவே ஏறாது. ஏன் என்று கேட்டேன்.

"அதுக்குக் காத்திருக்க ஊரே இருக்கு ஆயா. இவுங்களுக்கு நாமதான்" என்றாய்.

டெலிபோன் ஆபீசு ஆட்டம் வந்த அன்று உனக்கு எவ்வளவு ஆசை! வாரக்கணக்காக அதைப் பற்றியே பேசினாய். நான் உட்கார்ந்தேன். மணி அடித்தது, எடுத்தேன், யாரோ பேசினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. 'ஐயோ' என்று ஒரு கத்து கத்தினேன்.

"ஆயா," என்றாய் மெதுவாக, "கை மௌஸ்லயே இருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். இருந்தது.

"பொய்யாக் கத்தாதீங்க. இதச் செய்யுற பொண்ணு நம்ம கத்தல நம்பி மீதியச் செஞ்சிடும். அப்புறம் அது வாழ்க்கைல நாலு வருஷம் போச்சு." அன்று முழுக்க நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் கோபம்தான். குடியிருக்க வந்தவன் வீட்டுக்காரிக்குப் புத்தி சொல்வதா என்று இரண்டு நாள் சாம்பார் கொடுத்தனுப்பவில்லை.

அப்புறம் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கும் போனோம், ஒன்றும் நிற்கவில்லை. முப்பத்துநாலு வயதில் உன் உடம்பைக் கம்மாபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். தாளில் மூன்று ஆட்டம் வராமலே இருந்தது. சங்கீதா அப்போது சிதம்பரத்தில் இஞ்சினியரிங் சேர்ந்திருந்தாள். அந்தத் தாளைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

இப்போது அவளே ஒரு ஆட்டம் செய்கிறாள், தம்பி. இவளும் பரங்கிப்பேட்டைப் பெண் நஸ்ரினும். இரண்டே பேர். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு படகு. நீர் வற்றுவதற்குள் வெளியே வந்தாக வேண்டும். பின்னாலேயே ஏதோ ஒன்று வருகிறது. இன்னும் முடியவில்லை. சின்னதாக ஒரு படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். எங்கெங்கோ இருப்பவர்கள் 'எப்போது வரும், காத்திருக்கிறோம்' என்று எழுதுகிறார்களாம். பெயர் தெரியாத ஊர்களில் சுவரிலெல்லாம் என் பேத்தியின் ஆட்டம் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரியிடம் நான்கு தடவை சொல்லிவிட்டேன்.

பயம் எங்கே என்றால், அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வருகிறேன், வரவில்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டும். என் மகன் எனக்குத்தான் போன் போட்டான். "படகு ஓட்டுற கேம் சோறு போடுமாம்மா? நீ சொன்னாத்தான் அவ கேப்பா."

போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினேன்.

உன் வழக்கம்போலவே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மொத ஆட்டம் ஆயாவுக்கு" என்றாள். நஸ்ரின் கைகளைப் பிசைந்துகொண்டு கதவோரம் நின்றாள். இரண்டு பெண்களும் சரியாகச் சாப்பிட்டு ஒரு மாதம் இருக்கும், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. நான் படகை ஓட்டினேன். வேர்கள் அப்படியே பிச்சாவரத்து வேர்கள். தண்ணீர் அப்படியே தண்ணீர். என்ன அழகாகச் செய்திருக்கிறாள்! இரண்டாவது வளைவிலேயே அந்த ஏதோ ஒன்று வேருக்குப் பின்னாலிருந்து முழுசாக வந்து நின்றது. கறுப்பாக, பெரிய கண்ணோடு. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. மனம் பச்சைத் தண்ணீராக இருந்தது. அப்படி ஒன்றும் ஆகாததுதான் என்னைக் குலைத்துப் போட்டது. இரண்டு முகங்களும் என் பக்கத்தில், மூச்சு விடாமல்.

கத்தினேன், தம்பி. இந்தத் தடவை கெட்டிக்காரியாக, மௌஸிலிருந்து கையையும் எடுத்துவிட்டுக் கத்தினேன்.

இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தன. "ஆயா கத்திட்டாங்க! போதும்டி, இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள் சங்கீதா. "வேலைக்கு வரலன்னு எழுதிடப் போறேன்."

கடலூர் வரும் வரை பஸ்ஸில் என் காது அடைத்தே இருந்தது. உன்னிடம் போட்ட பொய்க் கத்தலில் ஒரு நாள் பேச்சு போயிற்று. இதில் என் பேத்தியின் வேலை போகிறது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் இன்னொரு பயம் வந்து நின்றது. நான் சொல்லப் போவது ஆட்டம் சரியில்லை என்பதற்காகவா, இல்லை அவள் சென்னைக்குப் போய்விட வேண்டும் என்பதற்காகவா? திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கேயும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை போன் போட்டேன்.

"சங்கீ, அன்னிக்கு நான் பயப்படல. பொய்யாக் கத்தினேன்."

"கையக் கூட எடுத்தியே ஆயா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

வியாழன் முழுக்க அவள் எடுக்கவில்லை. கண்ட கண்ட நினைப்பெல்லாம் வந்தது. மாடி அறை, தனியாக இரண்டு பெண்கள். நஸ்ரின் நம்பர் என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"வேலைக்கு வரலன்னு எழுதிட்டேன் ஆயா."

"நான்தான் பொய்யின்னு சொன்னனே! அப்புறமும் ஏண்டி?"

"அதனாலதான். சரியில்லன்னு தெரிஞ்சு போச்சு. இப்ப எப்புடி அத வுட்டுட்டுப் போவ முடியும்? நல்லா இருக்குன்னு நெனச்சிருந்தா முடிச்சி வெளிய வுட்டுட்டு வேலைக்குப் போயிருப்பேனோ என்னவோ." மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் ஆறு மாசம் ஆவும். காத்திருக்குறவுங்க கிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதிட்டோம். அது கெடக்கட்டும். நெசமா நீ எப்பதான் பயந்தே? பிச்சாவரத்துல பயந்துருக்கியா?"

பயந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் இருந்தபோது ஒருமுறை படகில் போனோம். படகுக்காரர் ஓயாமல் பேசுகிறவர். மகள் கல்யாணம், மீன் விலை, முதலைக் கதை. ஒரு வளைவில் திரும்பினோம், அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. துடுப்பு போட்டுக்கொண்டுதான் இருந்தார். வந்த வழியா இது என்று என் வீட்டுக்காரர் கேட்டார், அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கால் மணி நேரம் நான் பிடித்த படகு விளிம்பில் என் நகக்குறி இருந்தாலும் இருக்கும்.

சொல்லி முடித்தேன். "நஸ்ரின்!" என்று அவள் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். பின்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. படகில் ஒரு ஆள் வேண்டுமாம், வாய் ஓயாத ஆளாம், அந்தக் கறுப்பு உருவத்தை எடுத்துவிட வேண்டுமாம்.

மகனிடம் நான்தான் சொன்னேன். அவன் கத்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உனக்குப் பயமா இல்லியாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"பயமாத்தான்டா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு" என்றேன். நல்லபடியாக வரும், கவலைப்படாதே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இப்படிப் பொய்யை முழுங்குவதற்கு நீதான் என்னைப் பழக்கிவிட்டுப் போனாய். மற்றபடி நீ இருந்ததற்கு அடையாளமாக என்னிடம் எதுவும் மிச்சமில்லை. முன்னறையில் இப்போது ரீசார்ஜ் கடை.

நாளைக் காலை மறுபடியும் சிதம்பரம் போகிறேன். ஆட்டத்தில் படகுக்காரரை ஏற்றிவிட்டார்களாம். எந்த வளைவில் அவர் பேச்சை நிறுத்துவார் என்று கேட்டேன். சங்கீதா சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.