உச்சி வெயிலுக்கு ஒரு கூரை

சேக்காளி முத்துப்பேச்சிக்கு,

போன சித்திரையில் உப்புப் பாத்தியில் மயங்கி விழுந்த பிறகு, மதிய ஓய்வு வேண்டும் என்று சங்கத்தில் கேட்டாய். "வெயிலுக்குச் சங்கம் என்ன செய்யும்ளா?" என்றார் தலைவர். அன்றோடு வேலையை விட்டுப் போனவள்தான் நீ.

இந்த வருஷம் வெயில் இன்னும் கூடிவிட்டது. பெண்கள் எல்லோரும் மதிய ஓய்வு கேட்டு வேலையை நிறுத்தினோம். சங்கமும் எங்களோடு நின்றது.

"வெயில் சாமி தாரது. அத யாரு நிறுத்த?" என்றார் முதலாளி.

"வெயில நிறுத்தச் சொல்லல அண்ணாச்சி. வேலைய நிறுத்தச் சொல்லுதோம்" என்றேன்.

அவர் சம்மதித்ததும் தலைவர் என்னிடம், "நல்லாக் கேட்டியே, யாரு யோசன?" என்றார்.

"நீரு விரட்டினவ யோசனதான்."

இப்போது உச்சியில் வேலை கிடையாது. நீ விழுந்த இடத்தருகே ஓலைக் கூரை போட்டிருக்கிறோம். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை. ஆள் வருவாள் என்கிறேன்.

இப்படிக்கு,
அடுத்த பாத்திக்காரி