மூன்றாவது அயிரை

மாப்பிள்ளை,

இன்று காலை, பதுளையில் நான் வேலை பார்க்கும் கடையில் ஒரு காய்ந்த கூனி இறால் மூட்டையைப் பிரித்தார்கள். அந்த நாற்றம் ஏழு மலை தாண்டிப் போய்ச் சமுத்திரத்தில் கப்பலோட்டிகளைத் தும்ம வைத்திருக்கும். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் மூட்டைக்குள் தலையை விட்டபடி நின்றேன். "என்னய்யா, உள்ளயே குடியிருக்கப் போறியா?" என்றார் முதலாளி. இடமிருந்தால் இருந்திருப்பேன். அதற்குள்ளே நீங்கள் இருந்தீர்கள், உரலில் கூனியை இடித்துக்கொண்டு.

நமுனுகுல மலையடிவாரத் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் சமைக்கும் கோக்கி நான். என் குழம்பின் வாசனைக்கே மூன்று தோட்டத்துத் துரைமார் மயங்கி விழுந்த காலம் அது. நீங்கள் பூந்தோட்டக்காரர். துரையின் கண்ணாடித் தொட்டி நினைவிருக்கிறதா? மேலே, கொழும்பிலிருந்து வந்த ஆறு தங்கமீன்கள், பட்டுடுத்திய மகாராணிகள் போல. அடியில், நம் ஓடையில் பிடித்த மூன்று அயிரைகள். மண் நிறம், சின்ன மீசை, எப்போதும் கல்லுக்கடியில். துரைக்கு அந்த மூன்றின் மேல்தான் உயிர்.

ஒரு மாதம் நுவரெலியாவுக்குக் கிளம்பும்போது உங்களைக் கூப்பிட்டு, "ஒம்பது மீனும் உசுரோட இருந்தா, பின்னால உள்ள ரூம் உனக்கு" என்றார்.

அந்த அறையில் ஒரு சொட்டு ஒழுகாது. என் தங்கச்சி, உங்கள் பெண்டாட்டி, அப்போது ஆறு மாதக் கர்ப்பம். முதல் பிள்ளையை லயத்து வீட்டின் ஒழுகும் கூரைக்கடியில் நெஞ்சுச் சளிக்குப் பறிகொடுத்தவள். அந்த அறைப் பேச்சை எடுத்தாலே அவள் முகம் மலரும்.

"தீனி எவ்வளவுங்க தொரை?" என்று கேட்டீர்கள்.

"வேணும் அளவு" என்று சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார். துரையிடம் இரண்டாவது கேள்வி கேட்பதைவிட நமுனுகுல உச்சியிலிருந்து குதிப்பது மேல்.

அளவு சொல்லும் மகா பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். தோட்டத்தில் அரிசி தலைக்கு இவ்வளவு என்றுதானே கொடுப்பார்கள்? ஒன்பது தலை, ஒன்பது சிட்டிகை. பெரட்டுக்குத் தப்பு அடித்து, வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் வரிசை நிற்கும் விடிகாலையில் மீனும் வரிசைக்கு வரட்டும் என்று அதே நேரத்தில் போட்டேன். மகாராணிகள் வந்தார்கள். அயிரைகள் வரவில்லை. "கீழ இருக்கிறவங்க பட்டினி மாப்ள" என்று பதினெட்டாக்கினேன், அப்புறம் முப்பது. மகாராணிகள் பூசணிக்காய் ஆனார்கள். மிச்சமெல்லாம் கல்லிடுக்கில் போய் அழுகியது, தண்ணீர் கஞ்சியாயிற்று. ஒரு நாள் ஒரு அயிரை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பாத்தீங்களா, எனக்கு நன்றி சொல்ல வந்திருக்கு!"

"நன்றியா? அதுக்கு மூச்சு முட்டுது மச்சான். நீங்க போட்ட விருந்து பூரா கீழ நாறுது."

அன்று சாயங்காலம் தொட்டியின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தீர்கள். வெளிச்சம் மங்கியதும், மகாராணிகள் அசந்த நேரம், மூன்றும் மெல்ல வெளியே வந்து மீசையால் தரையைத் தடவின. "இதுங்களுக்குப் பெரட்டு இப்பதான் மச்சான்" என்றீர்கள்.

உங்கள் சட்டம் பிறந்தது அப்போதுதான். இரண்டு நாள் ஒன்றும் போடக் கூடாது. பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். அதன் பிறகு அந்தி நேரத்தில் தலைக்கு ஒரு மிளகளவு, கூனிப் பொடியை மாவோடு பிசைந்து உருட்டிப் போட்டால் நேரே அடிக்குப் போகும். விளக்கேற்றி முடிப்பதற்குள் தின்று தீர்த்தால் அதுதான் அளவு.

"மிச்சம் கெடந்தா, தப்பு நம்மளுது."

"ரெண்டு நாள் பட்டினியா? கோக்கி காவல் காக்கிற தொட்டியில பட்டினியா? ஊர் சிரிக்காது?"

"பசியில சாகாது மச்சான். நம்ம பாசத்துலதான் சாகும்."

இனி எழுதப் போவதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. இரண்டாம் நாள் நீங்கள் ரோஜாப் பாத்தியில் இருந்தீர்கள். மீன்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தன. ஒன்பது ஜோடிக் கண்கள், மாப்பிள்ளை! கல்லும் கரைந்திருக்கும். ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுவிட்டேன்.

விடிந்தபோது ஒரு அயிரை வயிறு மேலாகக் கிடந்தது. நீங்கள் அதை ஒரு இலையில் எடுத்தீர்கள். கலங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"வயசாயிருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மிளகளவு நீங்கள்தான் போட்டீர்கள். தண்ணீர் தெளிந்தது, எட்டும் பிழைத்தன. துரை வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் எண்ணினார். "கீழ ரெண்டுதான். மூணாவது எங்க?" நான் தேநீர்த் தட்டைக் கீழே போட்ட சத்தம் பண்டாரவளை ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். பொய்யே அறியாத நீங்கள் கைகட்டி நின்று, "கல்லுக்கடியில இருக்குங்க தொரை. அந்திக்குத்தான் வெளிய வரும்" என்றீர்கள்.

அவர் அந்திக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்! மறுநாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் நீங்கள் ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றீர்கள். பல் தந்தியடிக்க, தகர டப்பாவில் ஒரு அயிரையோடு வந்தீர்கள். அன்று அந்தியில் மூன்றும் வரிசையாக வெளியே வந்தபோது துரை கை தட்டினார், கச்சேரி கேட்டவர் மாதிரி. அறை உங்களுடையதாயிற்று. உங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். அவள் முதல் அழுகையில் வெலிமடைக்காரர்கள் இடி என்று நினைத்துத் துணியெல்லாம் எடுத்து உள்ளே வைத்தார்களாம்.

அவளுக்கு மூன்று வயதில் உங்களைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. இப்போது எட்டு. தாயும் மகளும் என்னோடு, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில். அந்தி மங்கினால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பாவப் பத்திச் சொல்லுங்க மாமா" என்பாள். ஒரு நாளைக்கு ஒரு மிளகளவுதான் சொல்வேன். நீங்கள் சீட்டியடிக்கும் விதம் ஒரு நாள். ரோஜா முள் குத்தினால் ரோஜாவைத் திட்டாமல் என்னைத் திட்டுவது ஒரு நாள். தங்கச்சி விளக்கேற்றுவதற்குள் அவள் தின்று முடிக்கிற அளவு. கூடப் போட்டால் அந்தப் பிஞ்சு மனதில் அடியில் போய்த் தங்கிவிடுமே என்ற பயம்.

இன்று அளவு தவறிவிட்டேன். முழுக் கதையையும் கொட்டிவிட்டேன், அந்தக் கைப்பிடி உட்பட. துரை நாற்காலி போட்ட இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அடங்கிப் போய்க் கேட்டாள்:

"நீங்கதான் போட்டீங்கன்னு அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியலையே தாயி. கேக்கவே இல்லையே."

"தெரிஞ்சிருக்கும். அதான் கேக்கல."

அந்த ஒற்றை 'இருக்கும்' எத்தனை வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிறது, மாப்பிள்ளை! நீங்கள் ஏமாந்துதான் அப்படிச் சொன்னீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தாங்குகிற அளவு அவ்வளவுதான் என்று பார்த்து, அந்த ஒரு சொல்லை மட்டும் போட்டிருக்கிறீர்கள்.