அண்ணி பார்த்த விளக்கு

வைகாசி, அமாவாசைக்கு மறுநாள். இரவு.

கடலுக்கு அப்பால் தெற்கே பத்தாவித் துறைமுகத்துக்குப் போன கப்பல் திரும்பும் வழியில் மூழ்கிவிட்டதாம். யாரும் பிழைக்கவில்லை. நான் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி என்பதால் இன்று அவர்கள் கோட்டையில் எனக்கு முதலில் சொன்னார்கள். நாளைக் காலையில் ஊரைக் கூட்டி நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். அண்ணனும் அந்தக் கப்பலில்தான் இருந்தான்.

பொழுது சாய்ந்ததும் குப்பத்துக்கு வந்தேன். அண்ணி மணலில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிவானத்துக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு வெளிச்சம்.

"இன்னா தம்பி பாக்குற? உங்கண்ணன் கப்பல் வெளக்குதான். தண்ணி ஏறட்டும்னு வெளியிலயே நங்கூரம் போட்டுகினு நிக்கிறாங்க" என்றாள்.

பாய்மர விளக்கு தெரிந்தால் வருகிறவனுக்கும் சேர்த்து உலை வைப்பது எங்கள் வழக்கம். வைத்திருந்தாள்.

அது விளக்கு இல்லை. ஒல்லாந்து மாலுமி நட்சத்திரங்கள் வரைந்த தன் வான்கோளத்தில் எனக்குக் காட்டியிருக்கிறார். சிலுவை போல நிற்கும் நட்சத்திரங்களுக்குக் கீழே நாலைந்து புள்ளிகள். அவர்கள் அதை ஈ என்கிறார்கள். பத்தாவியில் நன்றாக மேலே ஏறுமாம். இங்கே இந்த மாதத்தில் சிறிது நேரம் தலைகாட்டிவிட்டுக் கடலில் இறங்கிவிடும்.

சற்று நேரத்தில் அது இறங்கிவிட்டது.

"காத்து மாறிப்போச்சு. காலைல வந்துடுவாங்க" என்று சொல்லி, அண்ணனுக்கு எடுத்துவைத்த சோற்றை அண்ணி எனக்கே போட்டாள். "ஆறிப்போவுது, நீ துன்னு."

சாப்பிட்டேன். குழம்பில் உப்பு போதவில்லை என்றுகூடச் சொன்னேன்.