மேடையில் என் இடம்

பத்தமடை
14-9-1997

அன்பு மகள் முத்துராணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் உன்கூட இருக்கிற பிள்ளைகளும் அப்படியே இருக்கச் சுடலைமாடன் துணை நிற்கட்டும். முதலில் கைப்பழக்கத்தில் மகனுக்கு என்றுதான் எழுதினேன், பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு வேறு தாள் எடுக்கச் சொன்னாள். பையனாக இங்கிருந்து ரயிலேறிப் போன நீ அங்கே பெண்ணாகிப் பெயரும் மாற்றிக்கொண்டதை அவள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள், எனக்குத்தான் கை இன்னும் பழகவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய கடிதமும் போட்டோவும் தமிழ்ப் பேப்பரில் வந்த துண்டும் கிடைத்தன. தாராவியில் பள்ளிக்கூடத்து ஹாலைப் பிடித்து, பெண்களும் உன்னைப் போன்றவர்களுமாகச் சேர்ந்து கலைவிழா நடத்தியதை எல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அவரவர் முதலாளியம்மாவைப் போல நடித்துக் காட்டினார்கள் என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதைப் பற்றி அவர்களே பாட்டுக் கட்டிப் பாடினார்கள் என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கும், ரெண்டு பேருமே சோறு பொங்குவாளுவ என்றாள். அது என்னைக் குத்திச் சொன்னது.

அந்த விழாவில் நீ நம் கணியான் கூத்து ஆடினாய் என்று படித்ததும் எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். வரவில்லை, வயிறுதான் எரிந்தது. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து கோயில் கொடைக்குக் கொடை சேலை கட்டிச் சலங்கை கட்டி ஆடுகிறவன் நான், மாடன் சாமி ஆடுகிறவரே என் ஆட்டத்தை நின்று பார்ப்பார், என் படம் ஒரு பேப்பரிலும் வந்ததில்லை. நீ அங்கே ஒரே ஒரு தடவை ஆடினாய், வந்துவிட்டது. அதுவும் எப்படி ஆடி? சேலைக் கொசுவம் கரண்டைக்காலுக்குக் கீழே தொங்குகிறது, சலங்கை கண்ணிலேயே படவில்லை. தலையில் சவுரி இல்லை, உன் சொந்த முடி, இடுப்புவரை. அதைப் பார்த்துத்தான் எனக்கு ரொம்ப எரிச்சல், என் மண்டையில் மிச்சம் இருப்பது எவ்வளவு என்று உனக்கே தெரியும். இதில் அந்தப் பேப்பர்காரர் வேறு, மேடையின் வலது பாதியை வெறுமையாக விட்டு ஆடியது பெண்களுக்கு மறுக்கப்பட்ட இடத்தை உணர்த்துகிறது என்று எழுதியிருக்கிறார். வாசித்துவிட்டுச் சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. நம் ஆட்டத்தில் எப்போதும் இரண்டு பேர் ஜோடியாகத்தானே ஆடுவோம், நீ இங்கே இருந்தவரை இடது பக்கம் நீ, வலது பக்கம் நான். தனியாக ஆடுகிறவள் நடுவில் வந்து நிற்க வேண்டாமா. பழக்கத்தில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி ஆடியிருக்கிறாய், அவர்களும் அதற்குச் சேர்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். சிரித்து முடித்த பிறகு போட்டோவை மறுபடியும் எடுத்து அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைய விட்டுட்டு வெறுந்தரையப் பாத்துக்கிட்டு இருக்கிய என்று உன் அம்மா சத்தம் போட்டாள்.

நீ போன பிறகு எனக்கு ஜோடியாக வந்திருக்கிறவன் பிச்சைக்கண்ணு. கால் நன்றாகத்தான் போடுகிறான், மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறான். முன்னால் நின்று பாடுகிற நம் அண்ணாவி சங்கிலிபூதத்தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், மீசைய எடுத்தா எம் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விட மாட்டா அண்ணாச்சி என்று அதன் மேலேயே பவுடரை அப்பிக்கொண்டு வருகிறான். மணிமுத்தாறு பக்கம் ஆடிக் கொடையில் ஒரு பெண், இது என்ன மாவுப் பானைக்குள்ள விழுந்த எலி கணக்கா இருக்கு என்று கேட்டுவிட்டாள். கொடை முடிந்து விடிந்ததும் கோயில்காரர்கள் வந்து, வேசத்தக் கலைச்சிட்டு வாங்க வே, எலை போட்டாச்சு என்பார்கள். அவன் ஓடிப்போய் முகத்தைக் கழுவிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிடுவான். நான் குழாயடியில் பைய நிற்பேன், வளையலைக் கழற்றுவேன், சேலையை மடிப்பேன், பொட்டை மட்டும் கடைசிவரை வைத்திருப்பேன். அதைக் கழுவ எனக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை. உனக்கு வீடு தர மாட்டேன் என்று எத்தனை பேர் விரட்டினார்கள், ரயிலில் என்ன பேச்செல்லாம் கேட்டாய் என்று நீ எழுதியதை நான் மறக்கவில்லை. ஆனாலும் விடிந்த பிறகும் நீ அதே சேலையோடு இருக்கிறாய், அதைக் கலைத்துவிட்டு வா என்று யாரும் உன்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை. அதை நினைத்தால் எனக்கு உன் மேல் பொறாமையாக இருக்கிறது. ஒரு தகப்பன் பிள்ளைக்கு எழுதக்கூடிய பேச்சா இது என்று அம்மாவைக் கேட்டேன். எனக்கு அது கலியாணம் முடிச்ச வருசமே தெரியும், ஒங்களுக்குத்தான் இப்பம் தெரியுது, எழுதுங்க என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

தை மாதம் மறுபடியும் விழா வைக்கிறோம், விழா வேலை பார்க்கிற ப்ரீத்திக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து ஜோடியாக நிறுத்தட்டுமா என்று என்னிடம் சம்மதம் கேட்டிருக்கிறாய். சம்மதம் இல்லை. படித்த பிள்ளை, உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள், எல்லாம் சரி. அவள் நம் மகுட மேளம் அடிக்கப் பழகட்டும், ஒரு பெண் மகுடத்துத் தோலைத் தீயில் காய்ச்சி எடுத்து அடிப்பதை நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசைதான். ஆனால் உனக்கு வலது பக்கம் அவள் நிற்கக் கூடாது, நான் வருகிறேன். தையில் நமக்குக் கொடை எதுவும் இல்லை. அண்ணாவியிடம் சொன்னதற்கு, பொம்பளைய நடத்துத விழாவுல ஒமக்கு என்ன வே சோலி என்றார். ஜோடிக்கு ஆள் இல்லாம எம் மவ ஒத்தையில ஆடுதா என்றேன், மகள் என்று வாய் தடுக்காமல் வந்துவிட்டது. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சரி போயிட்டு வாரும் என்றார். அம்மாவும் வருகிறாள், பாட்டுப் பாடிய அந்த இரண்டு பெண்களையும் அவளுக்குப் பார்க்க வேண்டுமாம்.

வேளைக்குச் சாப்பிடு, கரண்டை வலிக்கு வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தேய், ரயிலில் தனியாக ஏறாதே, கூட யாரையாவது வைத்துக்கொள். மாடன் உன்னையும் அந்த வீட்டில் உன்னோடு இருக்கிற பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். ஒரு காரியம் மறந்துவிடாதே. ஆடுகிறவர்கள் பெயரை எல்லாம் விழா நோட்டீசில் அச்சடிப்போம் என்று எழுதியிருந்தாய். உன் பெயருக்குப் பக்கத்தில் மந்திரமூர்த்தி என்று போட்டுவிடாதே, அது வேட்டி கட்டியிருக்கிறவனுடைய பெயர். சேலையில் இருக்கும்போது என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீ உனக்கு நல்ல பெயராகப் பார்த்து வைத்துக்கொண்டாய், எனக்கும் ஒன்று வைத்து எழுது.

இப்படிக்கு, உன் பதிலை எதிர்பார்த்து,
அப்பா,
இப்போதைக்கு மந்திரமூர்த்தி