பூ கேட்கப் போன கார்த்திகை

கார்த்திகை 4, வெள்ளி

விடியற்காலையிலிருந்து தூறல். துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில். கம்பெனியிலும் இதே கதை. வெளுத்து வந்த துணி காயவில்லை, தைக்க ஒன்றுமில்லை. எங்கள் செக்கிங் டேபிளுக்கு மட்டும் பழைய பனியன் நாலு கட்டு. ஓட்டை தேடித் தேடிக் கண் எரிச்சல்.

சாயங்காலம் பெ.நல்லூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா. என் மகள் சரசுவைப் பிடித்துவிட்டது. ஜாதகமும் சரி. காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. பத்திரிகையில பொண்ணோட அப்பன் பேர எப்பிடிங்க போடறது? இருக்கறாருன்னா, இல்லைன்னா?"

என் வீட்டுக்காரர், பம்பாய்க்கு மிஷின் ஊசி வாங்கப் போகிறேன், பத்து நாளில் வந்துவிடுவேன் என்று போனவர். சரசுவுக்கு அப்போது ஆறு வயது. இந்தக் கார்த்திகையோடு பன்னிரண்டு வருஷம்.

"மார்கழி பொறக்கறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க. தையில வெச்சுக்கலாம்." நல்ல மனுஷிதான். குரலில் குத்தல் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் தேய்த்தேன். வெள்ளிக்கிழமை வழக்கம்.

கார்த்திகை 5, சனி

மழை. ரேஷனில் கிடைத்தது: சீமெண்ணெய், புழுத்த கோதுமை. கிடைக்காதது: சர்க்கரை. குடைக்கம்பி ஒன்று உடைந்தது.

மாமனார் கூப்பிட்டு உட்காரவைத்தார். பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லையென்றால் ஆள் போய்விட்டதாக வைத்துக் கருமாதி செய்துவிடுவது எங்கள் வழக்கம். புல்லில் உருவம் கட்டிக் கொள்ளி வைப்பார்கள். அன்றைக்கே பெண்டாட்டிக்குத் தாலி கழற்றி வெள்ளைச்சேலை.

"என்ன பண்ணலாம் அம்மிணி? நீ சொல்றதுதான்."

நான் சொல்வதுதான் என்று இந்த வீட்டில் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். "பெரியவங்க நீங்களே பாத்துச் சொல்லுங்க மாமா" என்றேன்.

அடுப்படியிலிருந்தே அத்தை: "எம்பையன உசுரோட சுடறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்." கதவு தட்டினால் இன்றைக்கும் முதலில் எழுந்து போவது அத்தைதான்.

கடைசியில் மாமனார், "முருகங்கிட்டயே கேட்டுப்போடலாம். வர்ற சஷ்டிக்கு மலைக்குப் போய்ப் பூ கேக்கலாம்" என்றார்.

வெள்ளைப் பூ வந்தால்: கருமாதி. பத்திரிகையில் 'காலஞ்சென்ற'. சரசு கல்யாணத்தில் ஒரு சீருக்கும் நான் கை வைக்க முடியாது. பின்வரிசை.

சிவப்புப் பூ வந்தால்: ஆள் இருக்கிறார். பேர் அப்படியே. நான் முன்னால் நிற்கலாம். அப்புறம்?

அப்புறம் என்று எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கார்த்திகை 7, திங்கள்

கொஞ்சம் வெயில். களம் முழுக்கத் துணி. எல்லோருக்கும் ஒரே ஓட்டம்.

பக்கத்தில் செக்கிங் பார்க்கும் ராமாத்தாளிடம் மட்டும் சொன்னேன். "செவப்புதான் வரும் பாருங்கக்கா. உங்க பொறுமைக்கு முருகன் கைய உட்டுருவானா?"

என் பொறுமை ஊருக்கே தெரிந்திருக்கிறது. கல்யாண வீட்டில் எல்லோரும் தொட்டுப் பார்க்கிற நகை மாதிரி. பொறுமையாவது ஒன்றாவது. போக வேறு இடமில்லை, இருந்தேன்.

புதுப்பெண்ணாக மலை ஏறினபோது கேட்டது: அத்தை திட்டக்கூடாது. வயிற்றில் சரசு இருந்தபோது: சுகப்பிரசவம். அவர் போன பிறகு சஷ்டிக்குச் சஷ்டி பட்டினி கிடந்து ஒன்றையே கேட்டேன். பிறகு கோபம் வந்தது. ஒரு வருஷம் மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டுப் படத்துக்குக்கூட முகத்தைப் பார்க்காமல்தான் விளக்கு ஏற்றினேன். சரசுவுக்கு டைபாய்டு வந்ததும் வெட்கமில்லாமல் ஓடினேன்.

இப்போதெல்லாம் போகிறேன், எதுவும் கேட்பதில்லை. அவன் அங்கே நிற்கிறான், நான் தூணோரம் உட்கார்கிறேன். பக்தியா பழக்கமா தெரியாது. 'தகவல் உண்டுங்களா' என்று யாரும் கேட்காத இடம் அது ஒன்றுதான்.

கார்த்திகை 9, புதன்

தலை பின்னிவிடும்போது சரசு கேட்டாள். "அப்பா எப்பிடிம்மா இருப்பாரு?"

"நல்ல ஒசரம்."

வேறு சொல்லப் பார்த்தேன். மீசை வருகிறது, முகம் வரவில்லை. குரல் சுத்தமாக இல்லை. பயந்துபோய் இன்னும் இறுக்கிப் பின்னிவிட்டேன்.

"எதுவானாலும் நீதாம்மா முன்னால நிக்கோணும். இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்றாள். திட்டினேன். மாப்பிள்ளை பேரைச் சொன்னாலே தலையைக் குனிந்துகொள்கிற பெண், வேண்டாமாம்.

கருவேப்பிலைச் செடியில் புழு. சாம்பல் தூவ வேண்டும்.

கார்த்திகை 11, வெள்ளி. சஷ்டி

லீவு சொல்லியாகிவிட்டது. தூறலில் படியெல்லாம் வழுக்கல். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினார்.

பூசாரி வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் கட்டி, குலுக்கி, சாமி காலடியில் வைத்தார். சாமி கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஒண்ண எடு கண்ணு" என்றார்.

அந்தக் கை நீளும்போதுதான் நான் என்ன கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. வெள்ளை. வெள்ளையைக் கொடு. முடித்துவிடு.

எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். என் புருஷன் செத்திருக்க வேண்டும் என்று முருகன் எதிரில் நின்று கேட்டேன். கெட்டவர் இல்லை அவர். ஒருநாள் கை நீட்டியதில்லை. எனக்குக் களைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இலையைப் பிரித்தார்கள். சிவப்பு.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். மாமனார் பூசாரியிடமும் போகிற வருகிறவர்களிடமும், "எம்பையன் இருக்கறானுங்க, இருக்கறானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும்.

கார்த்திகை 14, திங்கள்

பெ.நல்லூருக்குச் சொல்லி அனுப்பி, அந்தம்மாவும் வந்து போய்விட்டார். "முருகனே சொன்ன பொறகு பேச்சென்னங்க" என்றார். தை மாதம் உறுதி. சரசு என்னைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அதற்கு மட்டும் முழுமனதாகச் சந்தோஷப்பட்டேன்.

அத்தை பரணிலிருந்து அவருடைய டம்ளரை எடுத்துப் புளிபோட்டுத் துலக்கிச் சாப்பிடுகிற இடத்தில் வைத்திருக்கிறார். நாளைக்கே வருகிற மாதிரி. எனக்குப் புதுக் கயிறு வாங்கிவந்து தன் கையாலேயே மாற்றிவிட்டார்.

கம்பெனியில் கை அகல ஓட்டையைக் கவனிக்காமல் நல்ல பனியன் கட்டோடு போட்டுவிட்டேன். "என்னங்கம்மா, தூக்கமா?" என்றார் சூப்பர்வைசர். ஆமாங்க என்றேன்.

கார்த்திகை 18, வெள்ளி

மூடாப்பு, மழை இல்லை. பிரஸ்ஸிலிருந்து பத்திரிகைப் புரூஃப். அவர் பேர், அடுத்தாற்போல் என் பேர். சரசு சத்தமாகப் படித்தாள். மாமனார் இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுத்துப்பிழை இல்லை.

கம்பெனி விட்டதும் பஸ் பிடித்து நேரே மலைக்கு. தனியாக. கூட்டமில்லை. தூணோரம் உட்காராமல் எதிரிலேயே போய் நின்றேன். ரொம்ப நாள் கழித்து அவனிடம் பேசினேன். கேட்கவில்லை, சொன்னேன்.

சரசு கல்யாணம் வரைக்கும் இந்தத் தாலி கழுத்தில் இருக்கும். அவள் ஆசைப்பட்டபடி முன்னால் நிற்பேன். அவள் புருஷன் வீட்டுக்குப் போனதும் நானே ஏறி வந்து, கழற்றி, உன் காலடியில் வைப்பேன். அதற்குப் பூ கேட்க மாட்டேன். அவர் இருந்தால் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். வீட்டில் வைவார்கள், ஊர் சிரிக்கும், வெள்ளைச்சேலையா கலர்ச்சேலையா என்று ராமாத்தாள்கூடக் கேட்பாள். கேட்கட்டும்.

கோபித்துக்கொள்வான் என்று தோன்றவில்லை. கோபமிருந்தாலும் பொறுத்துக்கொள்வான். பன்னிரண்டு வருஷம் நான் பொறுக்கவில்லையா.