தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை

அக்கா,

நேற்று ஹனோவருக்குப் போகும் வழியில் ரயில் பழுதாகி, எங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அது நம் பழைய கிராமத்தின் ஊடாகப் போனது. இறங்கிவிட்டேன். தேவாலயக் கதவு திறந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் ஈரச் செங்கல்லும் மெழுகும் கலந்த வாசனை. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்ட நாளில் வராத அழுகை அங்கேதான் வந்தது.

எண்பத்தாறில், ஜெர்மனிக்கு வந்த புதிதில், அந்தத் தேவாலயத்துக்கு எதிரே இருந்த பழைய விடுதியில்தான் நம் இருவரையும் அகதிகளாகக் குடிவைத்தார்கள். அதற்கு முன் நாம் ஒருவரையொருவர் அறியோம்; ஊரில் வேறு தமிழரும் இல்லை. முதல் நாள் ஜன்னலால் பார்த்து, "என்ன பிள்ளை, இந்தச் சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோயிலோ?" என்றீர்கள். நூறு வருடப் பழைய கட்டடம். சிவப்புச் செங்கல் சுவர், மேலே கூர்ந்து முடியும் ஒடுங்கிய ஜன்னல்கள், கறுப்பு ஓடு வேய்ந்த கோபுரம். நமக்கு அது வெயிலை மறைக்கும் ஒன்று, அவ்வளவுதான்.

மாரிக் குளிர் தொடங்கியபோது உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்து, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்னும் பதில் வரவில்லை. தேவாலயப் போதகர் வந்து உங்களைக் கூட்டிப்போய், ஓர்கன் வாத்தியம் இருந்த மாடத்தின் கீழிருந்த சிறிய அறையில் தங்கவைத்தார். தேவாலயத்துக்குள் நுழையப் பொலிஸ் தயங்கும் என்று நம்பினார். ஆனால் வாசலைத் தாண்டினால் பிடித்துவிடுவார்கள்.

நான் சோறு கொண்டு வருவேன். மற்ற நேரமெல்லாம் நீங்கள் தனியே. யாழ்ப்பாணத்தில் தையல் வகுப்பு நடத்தி, எந்நேரமும் பெண்பிள்ளைகள் சூழ இருந்தவர். பேச ஆளில்லாமல் கட்டடத்தோடு பழகிக்கொண்டீர்கள்.

"இந்தத் தூணைத் தட்டிப் பார். கல்லெண்டுதானே நினைச்சனாங்கள்? செங்கல். மேலை சாந்து பூசி, கல்லு மாதிரிக் கோடு கீறியிருக்கினம். இவையளுக்கும் கட்டுப்படியாகேல்லைப் போலை."

சிரித்தேன். நீங்கள் அண்ணாந்து, உயரத்தில் வளைந்து சேரும் கூரையைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "ஆருமில்லாத நேரம் என்ரை பேரை நானே கூப்பிட்டுப் பார்க்கிறனான். அது திருப்பிக் கூப்பிடுது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிறு ஆராதனைக்கு ஊரார் வரும்போது, பீடம் தெரியாத ஓர் இருக்கையில், தூணின் மறைவில் இருப்பீர்கள். சிலர் தலையசைப்பார்கள். பலர் உங்களைக் காணாததுபோல் போவார்கள்.

ஒரு காலை பொலிஸ் வந்தது. போதகர் வாசலை மறித்து நின்று வாதாடினார். அவர்கள் போனதைக் கண்டதும் ஓடிவந்தேன். அறையில் நீங்கள் இல்லை. கோபுரத்துச் சுழல்படியில், மணிக்குக் கீழே, சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தீர்கள்.

"அவங்கள் போயிட்டாங்கள். இறங்கி வாங்கோ அக்கா."

"ஒளிக்கலாமெண்டு ஏறினன். ஏறினாப்பிறகுதான் தெரிஞ்சுது, இறங்க வேறை படி இல்லை. அவங்கள் ஏறி வந்திருந்தால்..." கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். உங்கள் உள்ளங்கை நிறையச் செங்கல் தூள்.

பனி கரைந்தபின் வழக்கை மறுபடி எடுத்தார்கள். தற்காலிகமாக இருக்க அனுமதி கிடைத்தது. எசன் நகரில் இருந்த உறவினர் உங்களைக் கூப்பிட்டார்கள். புறப்படும் காலை, பெட்டியோடு வாசல்வரை வந்தவர் திரும்பி உள்ளே போனீர்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாகுது அக்கா."

"ஒருக்கா இதிலை இரு."

தூணுக்குப் பின்னாலிருந்த உங்கள் இருக்கையில் என்னை இருத்தினீர்கள். சற்று நேரத்தில், வண்ணக் கண்ணாடி ஜன்னலால் வந்த வெயில் தரையில் நீலமாக விழுந்து, மெல்ல ஊர்ந்து என் மடியில் ஏறியது.

"மாரி முழுக்க எனக்கு இதுதான் துணை. நான் ஒருத்தி மட்டும் கண்டதெண்டு இருக்கக்கூடாது. நீயும் பார்."

பிறகு நீங்கள் எசனில், நான் டார்ம்ஸ்டாட்டில். தொலைபேசிப் பேச்சும் வருடத்துக்கு வருடம் குறைந்தது. அந்த மாரியைப் பற்றி நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்று உங்கள் உறவினர் சொன்னார். இப்போது அந்த நீலத்தைக் கண்டவள் நான் ஒருத்திதான். யாரைக் கூட்டிப்போய் அங்கே இருத்துவது என்று தெரியவில்லை, அக்கா.